பாட்டியின் கையெழுத்தைத் துணியில் தைப்பதும் பழைய பட்டில் தோரணம் கட்டுவதும்

நவி மும்பையிலோ டோம்பிவிலியிலோ புதிய ஃப்ளாட் வாங்கிப் பால் காய்ச்சும் உறவினர் வீட்டுக்குப் போகும்போது, கடையில் பெயர் பொறித்து வாங்கிய பலகையையோ புகைப்படம் அச்சிட்ட கோப்பையையோ எடுத்துச் செல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவற்றில் குறை ஒன்றுமில்லை. ஆயினும் செம்பூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பல ஆண்டுகளாக உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் பரிசுகள் தைத்துக் கொடுத்துவரும் நான் உறுதியாக நம்புவது இது: பெறுபவரின் வீட்டில் முன்பே இருந்த ஏதேனும் ஒன்று, அவருடைய அம்மாவின் கையெழுத்தோ பாட்டி உடுத்திய புடவையின் கரையோ மாமியார் மார்கழியில் போடும் கோலமோ, அந்தப் பரிசுக்குள் வந்து சேரும்போதுதான் அது அவருக்கே உரியதாகிறது. அப்படிச் செய்யக்கூடிய மூன்று பொருள்களின் செய்முறையை இங்கே எழுதுகிறேன். கையெழுத்துத் தையலும் பட்டுத் தோரணமும் பொறுமை கேட்பவை என்பதால் அவற்றை விரிவாகச் சொல்கிறேன். கோலமிட்ட மண்தொட்டி ஒரு வார இறுதியில் முடிந்துவிடும்.

கையெழுத்துத் தையல்

வேலை தேடலில் தொடங்குகிறது. பரிசு பெறப்போகிறவரின் பெரியம்மா, சித்தி, அத்தை ஆகியோரிடம் தொலைபேசியில் கேளுங்கள். டிரங்குப் பெட்டியிலும் பூஜை அலமாரியின் அடித்தட்டிலும் எதிர்பாராதவை கிடைக்கும்: ரசப்பொடிக்கு அளவு குறித்த நாட்காட்டித் தாள், ஊரிலிருந்து மாட்டுங்காவுக்கு வந்த இன்லேண்ட் கடிதம், இஸ்திரிக் கணக்கு நோட்டு, கல்யாணச் சீர்ப் பட்டியல். தைப்பதற்கு ஏற்றது பதினைந்து முதல் இருபத்தைந்து சொற்களுக்குள் முடியும் ஒரு பகுதி. கடிதத்தின் உருக்கமான வரிகளைவிட, “மல்லி 2 ஆழாக்கு, மிளகு அரை ஆழாக்கு, வெறும் வாணலியில் வறுக்கவும்” என்பது போன்ற சமையல் குறிப்பையே நான் விரும்பித் தேர்ந்தெடுக்கிறேன். எழுதியவர் யாரும் பார்க்கவில்லை என்ற இயல்போடு எழுதிய கையெழுத்து அதில்தான் இருக்கும். அது சமையலறைச் சுவரிலும் பொருந்தும்.

எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். பாட்டி “கொத்தமலி” என்று எழுதியிருந்தால் அப்படியே தைக்க வேண்டும். அதைவிட முக்கியமானது பழைய எழுத்து வடிவம். தமிழ்நாட்டு அரசு 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் பள்ளியில் படித்தவர்கள் ‘லை’, ‘ளை’, ‘னை’, ‘ணை’ ஆகியவற்றைத் துதிக்கை போல மேலே வளையும் கொம்புடனும், ‘றா’, ‘னா’, ‘ணா’ ஆகியவற்றைக் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு இணைந்த வடிவிலும் எழுதினார்கள். அவர்களில் பலர் கடைசிவரை அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கணினி எழுத்துருவில் அச்சிட்டுக் கொடுக்கும் கடைகளில் இந்த வடிவங்கள் பெரும்பாலும் கிடைக்காது. தாளில் “வறுத்த கடலை” என்பதன் கடைசி எழுத்து பழைய கொம்போடு இருந்தால், அந்த எழுத்துக்காகவே அந்த வரியைத் தேர்ந்தெடுங்கள்.

மூலத் தாளை எந்தக் காரணத்தாலும் லேமினேஷன் செய்யக் கூடாது. சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. பேனா மையும் சூட்டில் மாறக்கூடும். காலைப்பொழுதில் சன்னலோரம் தட்டையாக வைத்து, உங்கள் நிழல் விழாமல், கைபேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, மூலத்தை உடனே உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் படத்தை உண்மையான அளவில் அச்சிட்டு, ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்க வேண்டும். சாதாரணக் கையெழுத்தில் ஓர் எழுத்தின் உயரம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இருக்கும். அதை அப்படியே தைத்தால் ‘ண’, ‘ஞ’, ‘ழு’ போன்றவற்றின் சுழிகள் நூலால் அடைபட்டுப்போகும். குறைந்தது 10 மில்லிமீட்டர் உயரம் தேவை. 160 விழுக்காட்டில் ஒருமுறை பெரிதாக்கி, வந்த பிரதியை மறுபடியும் 160 விழுக்காட்டில் பெரிதாக்கினால் இரண்டரை மடங்கு கிடைக்கும். எழுத்து 10 மில்லிமீட்டரை எட்டிவிடும். இப்போது ஒரு வரி 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரலாம். சுவரில் இடம் குறைவாக இருந்தால் எழுத்தைச் சிறிதாக்காமல் வரியை மடக்கிக்கொள்ளுங்கள்.

துணிக்குக் கேஸ்மென்ட் எனப்படும் கெட்டியான பருத்தித் துணியோ, நெருக்கமாக நெய்த கதரோ போதும். சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய மங்கள்தாஸ் மார்க்கெட்டில் விதவிதமான வெள்ளையிலும் பழுப்பு வெள்ளையிலும் கிடைக்கும். அவ்வளவு தொலைவு போக நேரமில்லாதவர்கள், புடவைக்கு ஃபால் தைத்துக் கொடுக்கும் தெருமுனை மேட்சிங் சென்டரிலேயே கேட்கலாம். படத்தின் அளவைவிட நான்கு பக்கமும் 8 சென்டிமீட்டர் கூடுதலாக வாங்கி, வெட்டும் முன் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள். பருத்தி சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் எழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழுந்து, எதைச் செய்தாலும் போகாது.

எழுத்தைத் துணிக்கு மாற்ற எளிய வழி சன்னல் கண்ணாடிதான். பகலில் பிரதியைக் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் துணியை இழுத்து ஒட்டினால் எழுத்து தெளிவாகத் தெரியும். தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் அதன் மேலேயே எழுதிக்கொள்ளலாம். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அந்த நீலக் கோட்டைக் குளிர்ந்த நீரில் முற்றிலும் அலசிப் போக்காமல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால், சூட்டில் கோடு துணியிலேயே நிலைத்துவிடும். என் மாமியாரின் அறுபதாம் கல்யாணத்துக்காக நான் தைத்த முதல் துணி இப்படித்தான் வீணாயிற்று. இரண்டு வார வேலையை மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். சூடு பட்டால் மறையும் பேனாவும் கடைகளில் உண்டு. கடுங்குளிரில் அதன் கோடு திரும்பத் தெரியும் தன்மை கொண்டது என்பதால், வெளிநாட்டுக்கு அனுப்பும் பரிசுக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை.

நூல், ஆறு இழைகள் சேர்ந்த பருத்தி எம்பிராய்டரி நூல். ஆங்கர் நூல் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஒரு கண்டில் 8 மீட்டர் இருக்கும். கையெழுத்துக்கு ஆறில் இரண்டு இழைகளை மட்டும் பிரித்தெடுங்கள். நூலின் நீளம் 45 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். நீண்டால் துணியில் உரசி உரசிப் பஞ்சு கிளம்பும். நிறத்தில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. மூலத் தாளில் எந்த மை இருந்ததோ அந்த நிறமே சரி. கறுநீலப் பேனா மை என்றால் கறுநீல நூல், பென்சில் என்றால் சாம்பல் நூல். பல வண்ணம் சேர்த்தால் கையெழுத்து மறைந்து பூவேலை மட்டுமே கண்ணில் படும்.

தமிழ் எழுத்துக்குப் பொருத்தமான தையல் காம்புத் தையல். ஆங்கில எழுத்துகளைப் போல நேர்கோடுகள் நம் எழுத்தில் அதிகம் இல்லை, பெரும்பாலும் வளைவுகள். காம்புத் தையலில் ஒவ்வொரு தையலும் முந்தியதன் பாதியில் பக்கவாட்டில் சாய்ந்து தொடங்குவதால், கயிறு முறுக்கியது போன்ற ஒரே கோடாக வளைந்து போகும். நூலை எப்போதும் ஒரே பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தைக்க வேண்டும். சுழிகளில் தையல் நீளம் 2 மில்லிமீட்டர். ‘ட’, ‘ப’ போன்றவற்றின் நேர்கோட்டில் 4 வரை போகலாம். மிகச் சிறிய சுழிகளுக்கு மட்டும், ஊசியை முந்திய தையலின் முடிவுக்குப் பின்னோக்கி இறக்கும் பின்தையலுக்கு மாறுங்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறக்கும் முடிச்சுத் தையல் அழகாக இருக்கும். பாட்டி புள்ளி வைக்க மறந்த இடத்தில் நீங்களும் வைக்க வேண்டாம்.

ஒரு சொல்லின் முடிவிலிருந்து அடுத்த சொல்லுக்கு நூலைப் பின்பக்கமாகத் தாவவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் அந்த நூல் முன்பக்கம் நிழலாகத் தெரியும். ஒவ்வொரு சொல்லையும் முடித்து, பின்பக்கத் தையல்களுக்குள் ஊசியை நான்கைந்து முறை நுழைத்து நூலை அடக்கி வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். துணியை இறுக்கிப் பிடிக்க 15 சென்டிமீட்டர் மர வளையம் கைக்கு வசதி. இரவில் வேலையை நிறுத்தும்போது வளையத்தைக் கழற்றிவிடுங்கள். மும்பையின் ஈரக் காற்றில் ஒரே வாரத்தில் வளையத்தின் தடம் அழுக்குக் கோடாகப் பதிந்துவிடும். நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இருபது சொற்கள் இரண்டு வாரத்தில் முடியும்.

தைத்து முடித்ததும் குளிர்ந்த நீரில் சில சொட்டு மென்சோப்பு விட்டு அலசி, நீலக் கோடு முழுவதும் போனதை வெளிச்சத்தில் பார்த்து உறுதிசெய்து, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுங்கள். சிவப்பு, கருஞ்சிவப்பு நூல்களைத் தைக்கும் முன்பே சாயம் போகிறதா என்று நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். அரை ஈரம் இருக்கும்போதே, பருமனான துண்டின் மேல் முகம் கீழாகப் போட்டு இஸ்திரி போட்டால், எழுத்துகள் நசுங்காமல் புடைத்து நிற்கும்.

சட்டம் போடுவதில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. பல ஆண்டுகளுக்கு முன் சட்டம் போடும் கடை ஒன்றில், நான் கேட்டுக்கொண்டதையும் மீறித் துணியைப் பசை தடவி அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் எழுத்துகளுக்கு இடையே பழுப்புத் திட்டுகள் எழுந்தன. துணியைப் பிரித்தெடுக்கவும் முடியவில்லை. அதன் பிறகு துணியை நானே அட்டையில் இழுத்துக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோகிறேன். முறை எளிது. அமிலமற்ற மவுண்ட் அட்டையைச் சட்டத்தின் உள்ளளவுக்கு 3 மில்லிமீட்டர் குறைவாக வெட்டி, துணியின் நடுவில் வைத்து, ஓரங்களைப் பின்னால் மடித்து, கெட்டியான நூலால் இடமும் வலமுமாகவும் பின்பு மேலும் கீழுமாகவும் கட்டில் கயிறு பின்னுவதுபோல இழுத்துத் தைத்துவிட வேண்டும். கண்ணாடி துணியைத் தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் ஓர் அட்டைப் பட்டி வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஜூன் இரண்டாம் வாரம் முதல் செப்டம்பர் முடிய இங்குள்ள காற்றில் கண்ணாடியின் உட்புறம் ஈரம் படியும். துணி ஒட்டியிருந்தால் அங்கே பூஞ்சை பிடிக்கும். மழைநீர் கசியும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம் என்றும் பெறுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

பழைய பட்டில் வாசல் தோரணம்

கத்தரியை எடுக்கும் முன் புடவைக்கு உரியவரிடம் அனுமதி கேட்க வேண்டும்; அவர் இல்லையென்றால் அவருடைய பிள்ளைகள் அனைவரிடமும். கூறைப்புடவையை வெட்டுவது சிலருக்கு ஒருபோதும் ஒப்பாத செயல். அதை மதிக்க வேண்டும். தவிர, பழைய புடவைகளின் ஜரிகை பெரும்பாலும் வெள்ளி இழையில் தங்க முலாம் பூசியது என்பதால் அதற்கு விலைமதிப்பும் உண்டு. எல்லாரும் சம்மதித்த பிறகே தொடங்குங்கள்.

பட்டு, மடிப்பு விழுந்த இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும். புடவையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மடிப்புக் கோடுகளில் கீறல்கள் தெரியும். இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே துணியை மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியும் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். உடல் பகுதி நைந்துபோன புடவையிலும் கரையும் முந்தானையும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவை என்றால் கரையும் உடலும் தனித்தனி நிறத்தில் ஓடி, ஒன்றோடொன்று கோத்து நெய்யப்பட்டிருக்கும். அந்த இணைப்பை ஒட்டி வெட்டினால் இழை பிரியத் தொடங்கும். ஆகவே உடல் பக்கம் ஒரு சென்டிமீட்டராவது சேர்த்து வெட்டுங்கள்.

அடுத்தது வாசலை அளப்பது. பெறுபவர் அறியாமல் அளக்க வேண்டுமானால் வீட்டில் உள்ள யாரையாவது துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். மும்பை ஃப்ளாட்டுகளில் மரக்கதவுக்கு முன்னால் ஒரு சேஃப்டி கதவும் இருப்பது வழக்கம். தோரணம் அதன் மேல் மாட்டப்படுமா, உட்பக்கக் கதவின் நிலையில் மாட்டப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே தொங்கினால் கதவு மூடும்போது இலைகள் சிக்கும். உயரமானவர் தலையில் இடிக்காமல் இருக்க, மொத்தத் தொங்கல் 18 சென்டிமீட்டருக்குள் நிற்பது நல்லது.

90 சென்டிமீட்டர் அகல நிலைக்கு உரிய கணக்கைத் தருகிறேன். மேற்பட்டியின் உயரம் 6 சென்டிமீட்டர். அதிலிருந்து தொங்கும் துணி மாவிலைகள் ஒவ்வொன்றும் 12 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் கொண்டவை. இலைகளுக்கு இடையே ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் பதினொரு இலைகள் 81 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்ளும். இரு முனைகளிலும் நாலரை சென்டிமீட்டர் மிஞ்சும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஓர் இலை நடுவில் சரியாக வந்து அமரும். தையலுக்காக எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்ட வேண்டும்: பட்டி 92க்கு 8, இலை 14க்கு 8. முன்பக்கத்துக்கு மட்டும் கரையைப் பயன்படுத்தி, பின்பக்கத்துக்குப் பருத்தி லைனிங் வைத்தால், ஒரு தோரணத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் கரை போதும். ஐந்தரை மீட்டர் புடவையில் இரண்டு பக்கக் கரையும் சேர்ந்து 11 மீட்டர் வரும். நைந்த பகுதிகளைக் கழித்தாலும் மூன்று தோரணங்கள் தேறும் என்பதால், ஒரே அம்மாவின் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஒரே புடவையிலிருந்து கொடுக்கலாம். இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தெரிந்து இல்லை.

பழைய பட்டை அப்படியே தைத்தால் ஊசித் துளையிலிருந்தே கிழியும். வெட்டும் முன் பின்பக்கத்தில் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸை ஒட்டிவிட வேண்டும். முதலில் ஓரத்தில் ஒரு சிறு துண்டில் சோதியுங்கள், ஏனெனில் பிளாஸ்டிக் இழையால் ஆன போலி ஜரிகை சூட்டில் சுருங்கிவிடும். இஸ்திரிப் பெட்டியைப் பட்டுக்குரிய சூட்டில், நீராவி இல்லாமல் வைத்து, மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து, ஒவ்வோர் இடத்திலும் பத்து விநாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். இழுத்துத் தேய்த்தால் கரை கோணலாகிவிடும். ஆறிய பிறகு அட்டையில் வெட்டிய மாவிலை வடிவத்தை வைத்துக் கோடிட்டு வெட்டுங்கள். கரையில் உள்ள அன்னமோ மயிலோ ருத்ராட்சமோ இலையின் நடுவில் விழும்படி அட்டையை நகர்த்தி வைப்பதற்குச் சற்று நேரம் செலவிடலாம். தோரணத்தின் அழகு பெரும்பாலும் அந்த ஒரு வேலையில் அமைகிறது.

பட்டும் லைனிங்கும் நல்ல பக்கம் உள்ளே பார்க்கும்படி சேர்த்து, மேல் ஓரத்தை மட்டும் விட்டுச் சுற்றித் தைத்து, வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் கொடுத்து, நுனியில் மிஞ்சிய துணியைக் குறைத்து, உட்புறத்தை வெளியே திருப்புங்கள். நுனியைக் கூராக்கப் பின்னல் ஊசியின் மழுங்கிய முனை உதவும். கத்தரியால் குத்தினால் பட்டு கிழியும். பதினொரு இலைகளையும் அளவுக் குறிகளில் பட்டியின் கீழ் ஓரத்தில் தலைகீழாகப் பொருத்தி, லைனிங்கை மேலே வைத்து ஒரே தையலாக ஓட்டித் திருப்பினால் இலைகள் தாமே கீழே தொங்கும். மேல் ஓரத்தை மடித்துக் கைத்தையலால் மூடும்போது, இரு முனைகளிலும் நடுவிலும் மூன்று வளையங்களைச் சேர்த்துவிடுங்கள். புலேஷ்வர் கடைகளில் கிடைக்கும் சிறு மணிகளை இலை நுனியில் கட்டலாம். ஒவ்வோர் இலைக்கும் ஒரு மணி என்றால் எடை கூடிப் பழைய பட்டு தளர்ந்துவிடும். ஒன்று விட்டு ஒன்று போதும்.

பின்பக்க லைனிங்கை மூடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உள்ளங்கை அகலத் துணித் துண்டில், யாருடைய புடவை, எந்த ஊரில், எந்த விசேஷத்துக்கு, எந்த ஆண்டில் வாங்கியது என்று கறுப்பு நூலில் தைத்துப் பட்டியின் பின்னால் பொருத்துங்கள். மும்பையில் பிறந்து வளரும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வந்தாலும் படிக்க வருவதில்லை. அவர்களுக்காக அதன் கீழே தேவநாகரியிலும் ஒரு வரி சேர்ப்பதில் தவறு இல்லை.

கோலமிட்ட மண்தொட்டி

தாராவியின் 90 அடிச் சாலையை ஒட்டிய கும்பர்வாடாவில், சௌராஷ்டிரத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்த குயவர்களின் குடும்பங்கள் இன்றும் சக்கரம் சுற்றுகின்றன. துளசிக்கோ மணிபிளான்ட்டுக்கோ ஏற்ற தொட்டியை அங்கே தட்டிப் பார்த்து வாங்கலாம். கணீரென்று ஒலித்தால் விரிசல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் தூசி துடைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, 220 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துக்கொள்ளுங்கள். செடி வைக்கப்போகிற தொட்டியானால் உட்புறத்தில் நீர் புகாத பூச்சு இரண்டு கை அடிப்பது கட்டாயம். இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் சுவர் வழியே வெளியேறும்போது நீங்கள் தீட்டிய வண்ணத்தையும் உப்புப் பூத்தாற்போல உரித்துக்கொண்டு வரும். வெளிப்புறத்தில் பிரைமர் ஒரு கை, காவி நிற அக்ரிலிக் இரண்டு கை.

வளைந்த பரப்பில் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைப்பது கடினம் என்று பலர் தயங்குவார்கள். ஒரு நூலைத் தொட்டியைச் சுற்றிப் பிடித்து, சுற்றளவுக்கு வெட்டி, மூன்று முறை பாதியாக மடித்தால் எட்டுச் சம பாகம் கிடைக்கும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டிக்குச் சுற்றளவு 47 சென்டிமீட்டர்; ஒரு பாகம் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த எட்டு இடங்களிலும் பென்சிலால் குறியிட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றைப் போட்டு, பக்கத்துக் கோலத்தோடு இழையைச் சேர்த்தால் அறுபடாத பட்டையாகச் சுற்றி வரும். கெட்டியான வெள்ளை அக்ரிலிக்கை மருதாணிக் கோனில் நிரப்பி, நுனியை ஒரு மில்லிமீட்டர் வெட்டிப் பிழிந்தால், கோலமாவு விழுந்த இழை போலவே சற்றுப் புடைத்து நிற்கும். தூரிகையில் அந்த ஒழுக்கு வராது. எந்தக் கோலம் என்பதைப் பெறுபவரின் அம்மாவிடம் கேளுங்கள். அவர் நோட்டுப் புத்தகத்தைத் தேடாமல், மேசையில் விரலாலேயே போட்டுக் காட்டுவார். அதைக் கைபேசியில் காணொளியாக எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

கட்டிக் கொடுப்பது

பட்டுத் தோரணத்தைச் செய்தித்தாளிலோ பிளாஸ்டிக் பையிலோ சுற்ற வேண்டாம். ஈரம் அடைபட்டு ஜரிகை கறுக்கும். பழைய வேட்டித் துணியில் மடிப்பு விழாமல் ஒரு அட்டைக் குழலைச் சுற்றி உருட்டிக் கொடுங்கள். நவராத்திரிக்குக் கொடுக்க நினைப்பவர்கள் ஆடி பிறப்பதற்குள் புடவையைத் தேர்ந்தெடுத்து வெட்டி முடித்துவிட்டால், மழைக்கால மாலைகளில் தைப்பதற்கு மட்டும் வேலை மிஞ்சும். வண்ணம் தீட்டும் வேலையைப் பருவமழைக்கு முன்போ அக்டோபருக்குப் பின்போ வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் ஒரு கை அக்ரிலிக் உலர நாள் முழுவதும் ஆகும், அவசரப்பட்டு அடுத்ததைப் பூசினால் கொப்புளம் எழும்.

பரிசோடு ஒரு சிறு சீட்டில் பராமரிப்பு முறையையும் எழுதி வையுங்கள். தோரணத்தைத் துவைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை மென்மையான தூரிகையால் தூசி தட்டி, மழை நின்றதும் நிழலில் அரை நாள் காற்றாட விட்டால் போதும். கையெழுத்துப் படத்தின் பின்பக்கம் ஆண்டுக்கு ஒருமுறை பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மண்தொட்டியைத் தேய்த்துக் கழுவாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அந்தச் சீட்டையும் கையால் எழுதுங்கள்.